கப்பல் ஸ்லைடு எழுதியவள்

எங்கள் ஊர் தியேட்டரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரச் சொல்லி ஒரு மாதமாக நச்சரிக்கிறார்கள். ஊர் என்றால் ஹட் பே, போர்ட் பிளேரிலிருந்து கப்பலில் போய்ச் சேர வேண்டிய தீவு. போர்ட் பிளேர், சென்னை, துபாய் என்று சிதறிக் கிடக்கும் பழைய ஹட் பே தமிழர்கள் சேர்ந்து ஒரு வாட்ஸப் குழு வைத்திருக்கிறார்கள். இப்போது ஒரு மலர் போடப் போகிறார்களாம். "அக்கா, நீங்கதான் அங்க வேலை பாத்தவங்க. நல்ல இனிமையான நினைவா எழுதிக் குடுங்க" என்றான் ஒருவன். தியேட்டர் மூடிய வருடத்தில் அவன் பால்பாட்டிலோடு திரிந்தவன். அவனுக்கு என்ன இனிமை தெரியும்?

யாரோ ஒரு மங்கிப்போன புகைப்படத்தை வேறு குழுவில் போட்டுவிட்டார்கள். தகரக் கூரை, முன்னால் ஒரு போஸ்டர் பலகை, பலகையில் சாய்ந்தபடி ஒரு சைக்கிள். அதற்குக் கீழே வரிசையாக அழுகைப் பொம்மைகள். 'நம்ம தியேட்டரை சுனாமி கொண்டுபோயிருச்சே' என்று ஒரு அம்மாள் எழுதியிருந்தாள். சுனாமி எதைக் கொண்டுபோனது? அதற்குப் பல வருடம் முன்னாலேயே தியேட்டர் செத்துவிட்டது. வீட்டுக்கு வீடு வீடியோ டெக் வந்தது, பிறகு கேபிள் வந்தது, ஒருத்தரும் டிக்கெட் வாங்க வரவில்லை. பூட்டின மறு மாதமே கூரைத் தகரத்தைக் கழற்றிப் போய் ஆட்டுக் கொட்டகை போட்டவர்கள் யார் என்று எனக்குத் தெரியும். அந்த அம்மாள் வீட்டுத் திண்பண்டக் கடையில் கிடந்த பெஞ்சு எங்கிருந்து வந்தது என்றும் தெரியும். கடலுக்கு மிஞ்சியது நாலு சுவர்தான். கடல்மேல் பழி போடுவது வசதி. கடல் திருப்பிக் கேட்காது.

இந்த வாயை வைத்துக்கொண்டு நான் இனிமையாக எழுதினால் அது எனக்கே அடுக்காது. நடந்ததை எழுதுகிறேன். மலரில் போடுவார்களா மாட்டார்களா என்பது அவர்கள் பாடு.

தியேட்டரைக் கட்டியவர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மரக் கான்ட்ராக்டுக்கு வந்தவர். எல்லோருக்கும் அவர் முதலாளி. பெரும்பாலும் இந்திப் படம்தான் ஓடும். வங்காளி, தெலுங்கு, மலையாளி, தமிழ் என்று நாலு பாஷைக்காரர்களும் ஓரளவு இந்தியை வைத்துத்தான் பிழைப்பு நடத்தினோம். மாதத்துக்கு ஒரு தடவை, சில சமயம் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, மெயின்லேண்டிலிருந்து கப்பலில் தமிழ்ப் படப்பெட்டி வரும். வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் வரும். சில நாள் ஓடிவிட்டு அடுத்த கப்பலில் திரும்பிப் போகும். அந்தச் சில நாளில் பார்க்காவிட்டால் பார்க்காததுதான். மழைக்காலத்தில் தகரத்தின் மேல் விழும் மழையில் வசனம் காதில் விழாது, ஆனாலும் கூட்டத்துக்குக் குறைவு இருக்காது.

எங்கள் குடும்பம் இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தது. இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டு, இவ்வளவு பேர் உனக்கு, இவ்வளவு பேர் எனக்கு என்று பிரித்துக்கொண்டதில் இந்தியாவின் பங்குக்கு வந்தவர்கள் நாங்கள். நான் அப்போது கைக்குழந்தை. முகாமிலிருந்து கப்பலேற்றி இந்தத் தீவில் பாமாயில் தோட்டத்தில் கொண்டுவந்து விட்டார்கள். அப்பாவுக்குக் குலை வெட்டுகிற வேலை. நீளக் கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டி, அண்ணாந்து பார்த்தபடி வெட்ட வேண்டும். கொழுந்து பறித்த குடும்பத்து ஆள் குனிந்தே பழகியவர். இங்கே வந்து வானத்தைப் பார்க்கிற வேலை கிடைத்தது என்று சொல்லிச் சிரிப்பார்.

எனக்குப் பள்ளிக்கூடம் முடிந்ததும் தியேட்டரில் வேலை கிடைத்தது. பெண்கள் பக்கத்து டிக்கெட் கொடுப்பது பாதி வேலை. மீதி வேலை ஸ்லைடு எழுதுவது. என் கையெழுத்து தமிழிலும் இந்தியிலும் அச்சு மாதிரி இருக்கும் என்பதால்தான் என்னை எடுத்தார்கள். கண்ணாடித் துண்டைச் சிம்னி விளக்கின் புகையில் காட்டிக் கரியேற்றி, கோணி ஊசியால் கீறி எழுத வேண்டும். ஆப்பரேட்டர் அதைத் தலைகீழாகச் செருகினால், ஓடுகிற படத்தின் மேலேயே வெள்ளை எழுத்து நேராக விழும். சவுக்காரக் கடை விளம்பரம், காணாமல் போன மாடு, இதெல்லாம் இடைவேளையில் போடுவது. எந்த நேரத்திலும் போடக்கூடிய ஸ்லைடு ஒன்றுதான். கப்பல் ஸ்லைடு.

இதை வெளியூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டும். கப்பல் எப்போது கிளம்பும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. மத்தியானம் என்பார்கள், ராத்திரி ஆகும். இன்று என்பார்கள், அலை இறங்கவில்லை என்று நாளைக்குப் போகும். கப்பல் வந்து அணைகிற ஜெட்டியில் ஒதுங்க ஒரு கூரை கிடையாது. அதனால் கப்பல் நாளில் பயணக்காரர்கள் பெட்டி படுக்கையோடு தியேட்டருக்கு வந்துவிடுவார்கள். திரைக்குக் கீழே டிரங்குப் பெட்டிகளும் கால் கட்டிய கோழிகளும் பலாப்பழங்களும் அடுக்கியிருக்கும். ஜெட்டியிலிருந்து ஆள் ஒரு சீட்டுக் கொண்டுவருவான். நான் ஸ்லைடு எழுதுவேன். 'கப்பலில் ஆள் ஏற்றுகிறார்கள்' என்று திரையில் எழுத்து விழுந்ததும், பாதிக் கூட்டம் எழுந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பும். கதாநாயகன் தலைக்கு மேல் ஒருவர் கோழியைத் தூக்கிக்கொண்டு போவார்.

முதலாளிக்கு இதில் லாபமும் உண்டு, தலைவலியும் உண்டு. ஒரு தடவை உச்சக்கட்டத்தில் ஸ்லைடு விழுந்து, எழுந்தவர்கள் திரையை மறைத்து, மிச்சம் உட்கார்ந்திருந்தவர்கள் அந்த ரீலைத் திரும்ப ஓட்டச் சொல்லி பெஞ்சை உடைத்துவிட்டார்கள். அதிலிருந்து முக்கியமான காட்சியில் சீட்டு வந்தால் கொஞ்சம் பொறுத்துப் போடச் சொல்லுவார். அதில் யாருக்கும் நஷ்டம் வந்ததில்லை. சீட்டு வந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் கிளம்பிய கப்பலை நான் பார்த்ததே இல்லை. 'ஜல்தி' என்று எழுதாத சீட்டையும் பார்த்ததில்லை. கப்பல் தாமதமாகத்தான் போகும் என்ற நம்பிக்கை எங்களுக்குச் சாமி நம்பிக்கையைவிடப் பெரிது.

ஒரு மழை மாதத்தில் அப்பாவின் கண்ணில் முள் குத்தியது. பாமாயில் மட்டையின் அடியில் விரல் நீளத்துக்கு முள் இருக்கும். வெட்டின மட்டை சறுக்கி முகத்தில் விழுந்து, வலது கண்ணில் ஏறிவிட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர் கட்டுப் போட்டுவிட்டு, இரண்டு நாளுக்குள் போர்ட் பிளேர் போனால் கண் பிழைக்கும், சீழ் வைத்துவிட்டால் பிழைக்காது என்று தெளிவாகச் சொன்னார். அம்மா ஹெலிகாப்டர் கேட்டாள். உயிர் போகிற கேசுக்கு அது வரும். "கண்ணுக்கெல்லாம் நஹி மிலேகா அம்மா, நாளைக்கு ஜஹாஜ் இருக்குல்ல, அதுல கூட்டிட்டுப் போங்க" என்றார் கம்பவுண்டர். நஹி மிலேகா என்றால் கிடைக்காது, ஜஹாஜ் என்றால் கப்பல். டிக்கெட்டும் கிடைத்துவிட்டது.

மறுநாள் மேட்னிக்குத் தமிழ்ப் படம். அப்பாவும் அம்மாவும் துணிப்பையோடு தியேட்டருக்கு வந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி, இந்த வலியோடு இங்கே எதற்கு, நேராக ஜெட்டிக்குப் போய்விடலாமே என்று கேட்டாள். கொட்டுகிற மழையில் கண் கட்டு நனைந்துவிடும் என்று அம்மா தயங்கினாள். அப்பா சொன்னதை நானே என் காதால் கேட்டேன். "எம் புள்ளதான் எழுதுது. நமக்குத் தெரியாமயா கப்பலு போயிரும்?"

அவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். படம் பார்க்கவில்லை. தலையைக் குனிந்து, கட்டுப் போட்ட கண்ணைக் கையால் தாங்கிக்கொண்டிருந்தார். அம்மா பக்கத்தில் பையை மடியில் வைத்திருந்தாள். நான் டிக்கெட்டை முடித்துவிட்டு மேலே ஆப்பரேட்டர் அறைக்குப் போனேன்.

அந்த அறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுவரில் இரண்டு ஓட்டை. ஒன்றில் படம் போகும், மற்றதில் ஆப்பரேட்டர் பார்ப்பார். தியேட்டரில் வேலை பார்த்த அத்தனை வருடத்தில் நான் ஒரு படத்தையும் முழுசாகப் பார்த்ததில்லை. டிக்கெட் கணக்கை ஒப்படைத்துவிட்டு வருவதற்குள் பாதிக் கதை போய்விடும். ஸ்லைடு எழுதும்போது இன்னும் கொஞ்சம் போகும். ஆரம்பம் தெரிந்தால் முடிவு தெரியாது. கீழே உட்கார்ந்து பார்த்தவர்களெல்லாம் கதை பேசுவார்கள், தியேட்டர்காரி நான் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அன்றைய படத்தைத்தான் எப்படியோ மூன்று நாளாகத் துண்டு துண்டாகச் சேர்த்து, கடைசி அரை மணி நேரம் தவிர எல்லாம் பார்த்திருந்தேன். மறுநாள் முதல் இந்திப் படம்.

சீட்டு வந்தது. ஆள் ஏற்றுகிறார்கள், ஜல்தி. நான் தாமதிக்கவில்லை, உடனே கீறி எழுதினேன். அந்த நேரத்தில் முதலாளி படியேறி வந்தார். திரையில் கோர்ட்டுக் காட்சி. செய்யாத கொலைக்குக் கணவன் கூண்டில் நிற்கிறான், உண்மை தெரிந்த மனைவி வாயைத் திறக்கப் போகிறாள். முதலாளி ஓட்டை வழியாகக் கூட்டத்தைப் பார்த்தார்.

"ஏம்மா, இப்பப் போட்டா அம்புட்டுப் பேரும் எந்திச்சு நிப்பானுவ. பெஞ்ச ஒடச்சிருவானுவ. பத்து நிமிசம் கழிச்சுப் போடச் சொல்லு" என்றார்.

"அப்பா போகணும் முதலாளி" என்றேன்.

"பத்து நிமிசத்துல கப்பல் எங்கம்மா போவப் போவுது?" என்று சொல்லிவிட்டு அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போனார்.

அவர் சொன்னது அவ்வளவுதான். ஊரில் எல்லோரும், என் அம்மா உட்பட, கதையை இதோடு முடித்துக்கொள்வார்கள். முதலாளி ஸ்லைடைப் போடவிடவில்லை, கப்பல் போய்விட்டது. இத்தனை வருடம் நானும் அதைத் திருத்தவில்லை.

பத்து நிமிடம் ஆனது. திரையில் வக்கீல்கள் மனைவியைப் பேசவிடாமல் இன்னும் வாதாடிக்கொண்டிருந்தார்கள். ஆப்பரேட்டர் தெலுங்குக்காரர், என்னிடம் இந்தியில்தான் பேசுவார். கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு, "ஸ்லைட் லகா தூங், பெஹன்?" என்று கேட்டார். போடட்டுமா தங்கச்சி என்று. நான் அவருடைய ஓட்டையில் கண்ணை வைத்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. "ருக்கோ" என்றேன். பொறு.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டார். மறுபடியும் ருக்கோ என்றேன். கப்பல் போய்விடும் என்று தெரிந்தா சொன்னேன்? சத்தியமாக இல்லை. ஒன்றரை மணி நேரம் இருக்கிறது என்று நினைத்தேன். அப்பாவை நினைக்கவேயில்லை என்பதுதான் உண்மை. மனைவி சாட்சி சொல்லுவாளா மாட்டாளா என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் அப்பன் கண்ணைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்திருக்க, எனக்கு சினிமா கேட்டது. இதை எப்படி எழுதினாலும் அசிங்கமாகத்தான் இருக்கிறது.

கப்பலின் சங்கு ஊதியது. அலை ஏறிக்கொண்டு வந்ததால் ஜெட்டியில் நிற்க முடியாமல் சீக்கிரம் கிளப்பிவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. நான் ஆப்பரேட்டர் கையிலிருந்து கண்ணாடியைப் பிடுங்கிச் செருகினேன். அவசரத்தில் எழுத்து தலைகீழாக விழுந்தது. அதைப் படிக்க யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. எல்லோரும் ஓடினார்கள். தியேட்டருக்கும் ஜெட்டிக்கும் பத்து நிமிட நடை, மழையில் சேறு முழங்கால் வரைக்கும். நான் போய்ச் சேர்ந்தபோது ஏணியை எடுத்துவிட்டார்கள். கப்பலுக்கும் ஜெட்டிக்கும் நடுவில் ஒரு முற்றத்து அகலம் தண்ணீர்தான் இருந்தது. அம்மா பையைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டி, தமிழில் கத்திக்கொண்டிருந்தாள். அப்பா அவள் பின்னால் நின்றார். கட்டு நனைந்து கன்னத்தில் வழிந்தது.

கப்பலைத் தவறவிட்டவர்கள் எல்லோரும் முதலாளி வீட்டுக்குப் போனார்கள். ஒருவனுக்கு லீவு முடிந்துவிட்டது, ஒருத்திக்கு மாயாபந்தரில் தங்கச்சி கல்யாணம். முதலாளியின் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். "பத்து நிமிசம்னுதாம்ல சொன்னேன், பத்து நிமிசம்னுதான் சொன்னேன்" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். கூட்டத்தில் நின்ற என்னை ஒரு தடவை பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். ஒருவரும் அவரை நம்பவில்லை. காசுக்காரன் பேச்சை யார் நம்புவார்கள்?

அடுத்த கப்பல் வர பதினோரு நாள் ஆனது. அதற்குள் சீழ் வைத்துவிட்டது. போர்ட் பிளேரில், அடுத்த கண்ணையாவது காப்பாற்ற வேண்டும் என்று வலது கண்ணை எடுத்துவிட்டார்கள். ஒற்றைக் கண்ணோடு அண்ணாந்து வெட்ட முடியாது, தூரம் தெரியாது. தோட்டத்தில் அப்பாவை உதிரிப் பழம் பொறுக்குகிற வேலைக்கு மாற்றினார்கள். அது பெண்கள் செய்கிற வேலை. மறுபடியும் குனிந்து வேலை பார்க்க ஆரம்பித்தார். அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லிச் சிரிக்கவில்லை.

அம்மா சாகிறவரைக்கும் முதலாளியைச் சபித்தாள். "கட்டையில போறவன், எம் புருசன் கண்ணத் தின்னவன்" என்று அடுப்படியில் நின்று சொல்லுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருப்பேன். இனி அந்தத் தியேட்டர் வாசலை மிதிக்க மாட்டோம் என்று ஊரே சபதம் போட்டது. அடுத்த தமிழ்ப் படம் வந்தது, சபதம் போட்டவர்கள் எல்லோரும் மிதித்தார்கள். நானும் போய் டிக்கெட் கொடுத்தேன், ஸ்லைடு எழுதினேன். சீட்டு வந்த நிமிடமே போட்டோம், உச்சக்கட்டமானாலும் சரி. மனிதர்கள் இவ்வளவுதான் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பிறகு எனக்குப் போர்ட் பிளேரில் அரசாங்க ஆபீசில் எழுத்தர் வேலை கிடைத்தது. அம்மா போனபின் அப்பா அங்கே மின்னி பேயில் இருந்த என் குவார்ட்டர்ஸுக்கு வந்துவிட்டார். டிவியை முகத்துக்கு நேரே இழுத்து வைத்துக்கொண்டு, இடது கண்ணால் பார்ப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். டிவியில் பழைய படம் ஓடியது. கோர்ட்டு, கூண்டு, வாயைத் திறக்கப் போகிற மனைவி. சேனலை மாற்ற ரிமோட்டைத் தேடினேன்.

"இருக்கட்டும் புள்ள" என்றார் அப்பா. திரையிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. "இந்த எடத்துலதான சங்கு ஊதுச்சு?"

நான் மடித்த துணியையே மறுபடி உதறி மடித்தேன்.

"மிச்சத்த அன்னைக்குப் பாத்தியா நீ?"

"என்னப்பா சொல்றீங்க?"

"ஆப்பரேட்டரு அந்த வாரமே வந்து சொல்லிட்டான். மன்னிச்சிக்கன்னு கையப் புடிச்சிக்கிட்டு அழுதான். ருக்கோன்னா என்னான்னு அந்த அளவுக்கு இந்தி எனக்குத் தெரியும். ஒங்கம்மாகிட்ட சொல்லிராதன்னு நாந்தான் சொல்லி அனுப்பினேன்."

அத்தனை வருடம் தெரிந்தே இருந்திருக்கிறார். நான் போட்ட சோற்றைச் சாப்பிட்டார், நான் கூட்டிப் போன ஆஸ்பத்திரிக்கு வந்தார், அம்மா முதலாளியைச் சபிக்கும்போது என்னோடு சேர்ந்து சும்மா இருந்தார். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அந்த வாரமே நாலு அறை அறைந்திருந்தால் எனக்கு அன்றோடு தீர்ந்திருக்கும். என்னைத் திட்டாமல் விட்டு, என் தலையில் இத்தனை வருடத்தை வைத்துவிட்டாரே என்று அவர்மேலேயே எரிச்சல் வந்தது. அப்படிப்பட்டவள் நான்.

"ஏன்ப்பா எங்கிட்ட கேக்கல?"

"கேட்டா கண்ணு வந்துருமா? பாத்தியா இல்லியா, அதச் சொல்லு."

"இல்லப்பா. பாக்கல."

"அப்ப ஒக்காந்து பாரு."

துணியைத் தள்ளி வைத்துவிட்டு அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். மனைவி சாட்சி சொன்னாள். வில்லன் துப்பாக்கியை எடுத்தான், யாரோ குறுக்கே விழுந்தார்கள், போலீஸ் வந்தது, எல்லோரும் ஒரு கோயில் வாசலில் நின்று சிரித்தார்கள். முழுசாக அரை மணி நேரம்கூட இல்லை. இரண்டு பேரும் கடைசி எழுத்து போகிறவரைக்கும் பார்த்தோம்.

அப்பா டிவியை அணைக்கச் சொன்னார். இடது கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"படம் சுமார்தான்" என்றார்.